கொல்லையில் நின்ற இரண்டு கம்பங்கள்

அன்புள்ள பவானிக்கு,

நீ காரைக்காலுக்குப் போய் இருபது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வீட்டிலிருந்து இரும்புச் சாமான் கேட்டு போன் செய்கிறாய். மற்ற வீட்டுப் பெண்கள் ஊறுகாய் கேட்பார்கள், கருவாடு கேட்பார்கள். நீயானால், "அம்மா, நம்ம ஹை ஜம்ப் கம்பம் ரெண்டையும் பஸ்ஸுல மேல போட்டு அனுப்பிடு. டேப்பக் கழட்டிடாத, அப்படியே இருக்கட்டும். இங்க ரெண்டு புள்ளைங்க கயிறு புடிச்சிக்கினு நிக்குதுங்க, மிச்சதுங்க தாண்டுதுங்க" என்கிறாய். ஸ்கூலில் விளையாட்டு டீச்சராகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அம்மா செய்த கம்பம் உனக்கு ஞாபகம் வந்ததே, அதற்கு முதலில் ஒரு நன்றி. உன் அப்பா அப்போதே கொல்லைக்குப் போய், கம்பங்களில் கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

ஏன் தடுத்தேன் என்றால், போனை வைப்பதற்கு முன் நீ சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "புள்ளைங்களுக்கு மொத நாளே என் கதயச் சொல்லிட்டேம்மா. செலக்‌ஷன்ல திமிரா சின்ன ஒயரத்தையெல்லாம் வேணாம்னு விட்டுட்டு, கடசியில ஒண்ணுமே தாண்டாம வூட்டுக்கு வந்தவ நானு, என்ன மாதிரி இருக்காதீங்கன்னு சொன்னேன்." நீ சிரித்தாய். நான் அடுப்பில் குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பவானி, நீ திமிரால் தோற்கவில்லை. நீ அனுப்பச் சொல்லும் அந்த டேப்பில் ஒரு தப்பு இருந்தது. அந்தத் தப்பைச் செய்தவள் நான். எட்டு வருஷமாக அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. கம்பம் வீட்டைவிட்டுப் போவதற்கு முன் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அப்பாவிடம்கூட நேற்றைக்குத்தான் சொன்னேன். மனுஷன் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "எழுதிடு. போன்ல சொன்னா ரெண்டு பேரும் அழுதுட்டு பாதியில வச்சிடுவீங்க" என்றார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்கு நாக்குதான் நீளம், எழுத்து வராது. கடையில் ஆர்டர் எழுதுகிற நோட்டில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் டீச்சரம்மா சிவப்பு மசியில் திருத்திக்கொள்.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்கே ஞாபகம் இருக்கும். பக்கத்து வீட்டு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்குகிறவர், அவர் வீட்டு டிவியில் பிரெஞ்சு சேனல் ஓடும். நீ எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் அங்கிருந்து ஓடிவந்து, "அம்மா, ஒரு பொம்பள முதுகக் காட்டிக்கினு தாண்டுறா!" என்று கத்தினாய். மறுநாள் ஸ்கூலில் போய் அதே மாதிரி தாண்டுவேன் என்று நின்றிருக்கிறாய். பி.டி. சார் காதைப் பிடித்துத் திருகி, "மணல்ல முதுகு அடிச்சி வுழுந்தா கழுத்து போயிடும். மெத்த வேணும். மெத்தையெல்லாம் நம்மகிட்ட கெடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். நீ அழுதுகொண்டு வந்து நின்றதும் எனக்குத்தான் கோபம் வந்தது. மெத்தை கிடையாதா? முதலியார்பேட்டை மெயின் ரோட்டில் குஷன் கடையில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மிஷின் மிதிப்பவள் நான். ஊரில் ஆள் ஏற்றி ஓடுகிற பாதி டெம்போவின் சீட்டு என் கையால் தைத்தது. உன் அப்பாவே சீட்டு கிழிந்துவிட்டது என்று கடைக்கு வந்து, நான் தைத்த தையலைக் குறை சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அப்புறம்தான் பெண் கேட்டு வந்தார். எனக்குப் போய் மெத்தை இல்லை என்பதா?

பழைய சீட்டைப் பிரித்தால் உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சும் நாரும் குப்பைக்குத்தான் போகும். முதலாளியிடம் கேட்டேன், "எடுத்துக்கினு போங்கக்கா, எடமாவது காலியாவும்" என்றார். தினமும் சாயங்காலம் இரண்டு மூட்டை. உன் அப்பாவின் டெம்போவில் கடைசி ட்ரிப் வருகிறவர்கள் எல்லாம் ஸ்பாஞ்சு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். இரண்டு மாதத்தில் கொல்லை நிரம்பிவிட்டது. ஆனால் நீ அதில் விழுந்த முதல் நாளே நான்கு பக்கமும் சிதறி ஓடிவிட்டது, நீ தரையில் கிடந்தாய். உடம்பு விழும்போது ஸ்பாஞ்சு விலகாமல் பிடித்துவைக்க ஏதாவது வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ரெக்சினில் தைத்தால் காற்று போக வழியில்லாமல் பந்து மாதிரி எகிறித் தள்ளியது. அப்புறம்தான் வலை ஞாபகம் வந்தது. நாம் மூன்று பேரும் டெம்போவை எடுத்துக்கொண்டு தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போனோமே, ஏலம் முடிந்து ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த தரையில் நீ வழுக்கி விழுந்து பாவாடையெல்லாம் மீன் செதில். மீன் பிடிக்கிற போட்டுக்கு உதவாத கிழிந்த வலை ஒன்றைக் கொடுத்த அண்ணன், "இந்த ஓட்ட வலய வச்சி எத்தப் புடிக்கப்போறக்கா?" என்று கேட்டார். "எம் பொண்ணத்தான்" என்றேன்.

அந்த வலையை ஒன்பது தண்ணீரில் அலசியும் கவிச்சி போகவில்லை. ஓட்டைகளை அடைத்து, பெரிய பை மாதிரி மடித்துத் தைத்து, ஸ்பாஞ்சை உள்ளே திணித்து, வாயை இறுக்கிக் கட்டினேன். தெருப்பூனைகள் அத்தனையும் நம் மெத்தையில்தான் குடித்தனம் நடத்தின. நீ ஓடிவந்து எகிறுவதற்கு முன் நான் துடைப்பத்தோடு போய்ப் பூனைகளை விரட்ட வேண்டும். அதிலும் ஒரு தப்பு செய்தேன். பஸ் சீட்டு ஒன்றை அவசரத்தில் சரியாகப் பிரிக்காமல் போட்டுவிட்டேன், உள்ளே ஒரு ஸ்பிரிங் இருந்திருக்கிறது. உன் இடது தோளில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கும். அன்றைக்கு நீ ரத்தத்தோடு எழுந்து வந்து, நான் பயந்துபோய் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, சின்னக் கீறல்" என்றாய். ஊசி போடும்போதுதான் அழுதாய். இப்போது உன் ஸ்கூல் பிள்ளைகளுக்கு மெத்தை செய்தால், ஒவ்வொரு துண்டையும் உன் கையால் அமுக்கிப் பார்த்த பிறகே உள்ளே போடு. அடுத்தவர் பார்த்துவிட்டார் என்று நம்பாதே, அந்த அடுத்தவர் அம்மாவாக இருந்தாலும் சரி.

கம்பம் அப்பாவின் உபயம். டெம்போவுக்கு மேல்கூரை மாற்றியபோது கழற்றிப்போட்ட பைப்புகள் அவை. ஒர்க்‌ஷாப்பில் கெஞ்சி அடியில் இரும்புத் தகடு வைத்து ஒட்டிக்கொண்டு வந்தார். குறுக்குக் கம்பு உட்காருவதற்கு என்ன செய்வது என்று மூன்று நாள் யோசித்தோம். பழைய சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருக்கிற கிளாம்ப்பைப் பைப்பில் மாட்டினால், தளர்த்தி மேலே கீழே நகர்த்தலாம், இறுக்கினால் நிற்கும். அதைக் கண்டுபிடித்தது நீ. அந்த மூளைக்கு நான் உரிமை கொண்டாட மாட்டேன். குறுக்குக் கம்புக்கு முதலில் மூங்கில் வைத்தோம், உன் முழங்கால் கன்றிப்போனது. பிறகு கரண்ட் ஒயர் போகிற பிளாஸ்டிக் பைப்பை வைத்தோம், அது நடுவில் தொங்கியது. பைப்புக்குள் மூங்கில் பிளாச்சு ஒன்றைச் செருகியதும் நேராக நின்றுவிட்டது. அன்றைக்கு நாம் மூன்று பேரும் அந்தக் கொல்லையில் நின்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே, என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

கடைசியில் உயரம் காட்ட அளவு வேண்டும். கடையில் என் பழைய டேப்பை எடுத்துவைத்துவிட்டுப் புதுசு வாங்கியிருந்தார்கள். பழைய டேப்பின் ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். அதைக் கொண்டுவந்து சென்டிமீட்டர் பக்கம் தெரிகிற மாதிரி இடது கம்பத்தில் கீழேயிருந்து மேலே சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். அடி நுனி பிய்ந்துபோகாமல் இருக்க அதன்மேல் ஒரு ரெக்சின் பட்டையும் சுற்றினேன். வலது கம்பத்தில் அதைப் பார்த்துப் பெயின்ட்டில் கோடு போட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது. அந்த டேப்பின் பித்தளை நுனி பல வருஷத்துக்கு முன்னாலேயே கழன்றுவிட்டது. நூல் நூலாகப் பிரிந்துகொண்டே வந்ததால் நானே முதல் இரண்டு இஞ்சைக் கத்தரித்துவிட்டிருந்தேன். கடையில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. டேப் இருபத்திநாலு காட்டினால் இருபத்திரண்டு என்று கை தானாக வெட்டும். எத்தனையோ வருஷமாக அப்படியே அளந்ததில் அது குறைபட்ட டேப் என்கிற நினைப்பே எனக்கு இல்லை. இரண்டு இஞ்ச் என்றால் ஐந்து சென்டிமீட்டர். நம் கம்பம் நூற்று நாற்பது என்று காட்டிய இடம் உண்மையில் நூற்று முப்பத்தைந்துதான். நீ தாண்டிய எல்லா உயரத்திலும் ஐந்து சென்டிமீட்டர் இல்லாத உயரம்.

அது தெரியாமல் நாம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்! ஒன்பதாவது படிக்கும்போது நீ தினமும் நூற்று முப்பத்தைந்தை விளையாட்டாகத் தாண்டுவாய், நூற்று நாற்பதை எப்போதாவது தாண்டுவாய். ஒரே ஒரு நாள் நூற்று நாற்பத்து மூன்று தாண்டினாய். எல்லாம் டேப் சொன்ன கணக்கு. சொல்தா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நம் வேலியோரம் போட்டு உட்கார்ந்து, நீ ஓட ஆரம்பித்ததும் "அலே! அலே!" என்று கத்துவார். அது பிரெஞ்சில் 'போ, போ' என்று உற்சாகப்படுத்துவதாம். அவரைக் கேட்டுத் தெருவில் இருக்கிற வாண்டுகள் எல்லாம் "அலே" என்று கத்தின, மாடு ஓட்டுகிறவன்கூடக் கத்தினான். உன் அப்பா டெம்போவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பொண்டாட்டி செய்த மெத்தை, பொண்ணு தாண்டுகிற உயரம் என்று ஒன்றுவிடாமல் சொல்லுவார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் மிஷின் மிதிக்கிற பொம்பளை என்பதுபோய், ஹை ஜம்ப் மெத்தை செய்த அக்கா என்று நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெருமை இருக்கிறதே, அது பின்னால் என் வாயை அடைத்துவிட்டது.

புதுச்சேரி அணிக்கு ஆள் எடுக்கிற செலக்‌ஷன் வந்தது. முந்தின நாள் பி.டி. சார் வீட்டுக்கே வந்து, "நூத்தி இருவதுலேர்ந்து ஆரம்பி. தாண்டித் தாண்டி ஏறு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. "அந்தாளு கெடக்குறாரு. சின்ன ஒயரத்துல குதிச்சிக் கால ஏன் தேச்சிக்கினு இருக்க? நீ தெனம் தாண்டுறது நூத்தி முப்பத்தஞ்சி. அது வந்ததும் எறங்கு. மத்ததுங்க அதுக்குள்ள அரண்டு போவட்டும்" என்றேன். திமிர் என்று நீ இப்போது பிள்ளைகளிடம் சொல்கிறாயே, அது உன் திமிர் இல்லையடி, என்னுடையது.

மைதானத்தில் நானும் அப்பாவும் கயிற்றுக்கு வெளியே நின்றோம். நூற்றுப் பதினைந்து, இருபது, இருபத்தைந்து என்று ஒவ்வொரு உயரத்துக்கும் உன் பெயரைக் கூப்பிட, ஒவ்வொரு தடவையும் நீ கையை ஆட்டி வேண்டாம் என்றாய். எல்லோரும் உன்னையே பார்த்தார்கள். எனக்கு என்னவோ நானே உள்ளே நிற்கிற மாதிரி இருந்தது. நூற்று முப்பதில் ஒரு பெண் மட்டும் மூன்றாவது தடவையில் தத்தித் தடுமாறித் தாண்டினாள், அப்போதும் நீ உட்கார்ந்தே இருந்தாய். நூற்று முப்பத்தைந்துக்கு எழுந்து வந்தாய். கம்பைப் பார்த்ததும் உன் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் வந்ததை நான் பார்த்தேன். தினமும் பார்க்கிற உயரத்தைவிட அது உயரமாகத் தெரிந்திருக்கும். முதல் தடவை முதுகு இடித்தது, இரண்டாவது தடவை இடுப்பு. மூன்றாவது தடவை உடம்பு மொத்தமும் தாண்டிவிட்டது, குதிகால் மட்டும் தட்டியது. கம்பு ஆடி ஆடி விழுந்தது. ஒரு உயரமும் தாண்டாதவள் என்று உன் பெயருக்கு நேராகக் கோடு போட்டார்கள். நூற்று முப்பது தாண்டிய அந்தப் பெண் அணிக்குப் போனாள். அதைத்தான் நீ நம் கொல்லையில் தினமும் தாண்டிக்கொண்டிருந்தாய்.

அப்புறம் நடந்ததற்குத்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். பி.டி. சார் கோபத்தில், "குப்ப ஸ்பாஞ்சுல குதிச்சி, டெம்போ கம்பில அளந்து பழகுனா இப்படித்தான் ஆவும்" என்று என் காதில் விழும்படி சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து, "எங்க அம்மா செஞ்சதுல ஒரு கொறையும் இல்ல சார். நான்தான் திமிரா விட்டுட்டேன். தப்பு என்னுது" என்றாய். பதினாலு வயசு உனக்கு. அம்மா சொன்னதால்தான் விட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கேயும் சொல்லவில்லை, டெம்போவில் வரும்போதும் சொல்லவில்லை, அப்புறம் நமக்குள் எத்தனையோ சண்டை வந்தது, அதில் ஒன்றில்கூடச் சொல்லிக்காட்டவில்லை. என்னைப் பெற்றவர்கள்கூட என்னை இப்படிக் காப்பாற்றியதில்லை. ஆனால் நீ காப்பாற்றியது தப்பான பொருளை என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

அடுத்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடையில் ஒரு டெம்போ சீட்டுக்குப் புது டேப்பால் அளந்து ரெக்சினை வெட்டினேன். சீட்டில் போட்டு இழுத்தால் எட்டவில்லை, இரண்டு இஞ்ச் பற்றவில்லை. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, புது டேப்புலயும் ரெண்டக் கழிக்கிறீங்க? அது பழைய டேப்புக்குத்தான?" என்றார். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நம் கம்பத்தில் ஒட்டிய டேப் ஞாபகம் வந்தது. வயிற்றுவலி என்று பொய் சொல்லி மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். நீ ஸ்கூலில் இருந்தாய். ரெக்சின் பட்டையைப் பிரித்துப் பார்த்தேன். தகட்டை ஒட்டி, டேப்பின் அடியில் ஐந்து என்கிற எண் பளிச்சென்று இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ வந்ததும் சொல்வோம் என்றுதான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீ பையை இறக்கி வைத்துவிட்டு, "அம்மா, நான் மறுபடியும் பழகப்போறேன். மெத்த நல்லா இருக்கும்போது நமக்கென்ன?" என்றாய். நீ அத்தனை பேர் முன்னால் 'கொறையே இல்ல' என்று சொன்ன பொருளில்தான் குறை என்று எப்படிச் சொல்வேன்? முதலில் டேப்பைச் சரிசெய்துவிடுவோம், நீ மறுபடி நன்றாகத் தாண்ட ஆரம்பித்ததும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் நீ இல்லாத நேரத்தில் இரண்டு கம்பத்துக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து, டேப்பை ஐந்து சென்டிமீட்டர் மேலே ஏற்றி ஒட்டினேன், கோடுகளையும் மாற்றிப் போட்டேன். "மழையில உரிஞ்சிபோச்சிடி, அதான் புதுசா ஒட்டுனேன்" என்றேன். நீ கம்பத்தைத் தடவிப்பார்த்து, "சூப்பரா இருக்கும்மா" என்றாய்.

நான் நினைத்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. டேப் சரியானதும் நீ தினமும் தாண்டுகிற முப்பத்தைந்து உனக்கு மலையாகிவிட்டது. நாற்பது எட்டவே இல்லை. உனக்கு எப்படித் தெரியும், கம்பு ஐந்து சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று? செலக்‌ஷன் பயம் உடம்பில் உட்கார்ந்துவிட்டது, கால் செத்துவிட்டது என்று நீயாகவே முடிவு கட்டினாய். சாப்பாட்டைக் குறைத்தாய், ஓடுகிற தூரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாய். சொல்தாவும் பிரான்சில் இருக்கிற மகனிடம் போய்விட்டார், "அலே" சொல்ல ஆள் இல்லை. சமையல்கட்டு ஜன்னல் வழியாக ஏழெட்டு மாதம் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லுவோம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடப்போட, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாயே என்கிற பயமும் சேர்ந்துகொண்டது. தப்பு செய்தது ஒரு நாள் மறதியில், அதை நான் மன்னித்துக்கொள்வேன். இந்த ஏழெட்டு மாதத்தை என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

பத்தாவது பரீட்சைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மழை வருகிற மாதிரி இருந்தது. நான் துணி எடுக்கக் கொல்லைக்கு வந்தேன். நீ கம்பை நூற்று நாற்பதில் வைத்துவிட்டு ஓடிவந்தாய். வளைந்து வந்த ஓட்டமும் எகிறியதும் எல்லாம் ஒரே வீச்சாக இருந்தது, குதிகால்கூடப் படவில்லை. கம்பு அசையவே இல்லை. நீ மெத்தையிலிருந்து எழுந்து வந்து, "நாப்பதும்மா. ஒரு வருஷம் முன்னாடி நாப்பத்தி மூணு தாண்டுனவ. மூணு கம்மி. எனக்கு இவ்வளவுதாம்மா. போதும், படிக்கப் போறேன்" என்றாய். குரலில் அழுகைகூட இல்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்தாய். அதற்கப்புறம் நீ தாண்டவே இல்லை. நான் கையில் ஈரத்துணியோடு நின்றேன். "இரு, நான் ஒண்ணு சொல்லணும்" என்று கூப்பிட்டிருக்கலாம். "சோறு போடட்டுமா?" என்று கேட்டேன்.

நீ ஹை ஜம்ப்பை விட்டாலும் விளையாட்டை விடவில்லை. அதற்கே படித்தாய், இன்று அதற்கே சம்பளம் வாங்குகிறாய். இதில் என் பங்கு ஒன்றும் இல்லை, எல்லாம் உன் பிடிவாதம். என் மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். போனில் நாலு நாள் பேசாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன், ஐந்தாம் நாள் நான் பஸ் ஏறி வந்துவிடுவேன். ஆனால் பிள்ளைகளிடம் இனிமேல் அந்தக் கதையைச் சொல்லாதே. சொல்வதென்றால் முழுசாகச் சொல். ஒருத்தி திடீரென்று தாண்ட முடியாமல் போனால், அவள் காலையும் மனசையும் குறை சொல்வதற்கு முன்னால் டேப்பின் அடியைக் குனிந்து பார்க்கச் சொல்.

கம்பங்கள் நாளை மறுநாள் காலை பஸ்ஸில் வரும், அப்பாவே ஏற்றிவிடுவார். டேப்பை அப்படியே விடச் சொன்னாய், அதை மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. நுனி போகாத புது டேப் ஒட்டியிருக்கிறேன். பழையதை மடித்து இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், அது எந்த எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறது என்று நீயே பார். இன்னொன்றும் செய். இடது கம்பத்தைத் திருப்பிப் பார்த்தால் கறுப்புப் பெயின்ட்டில் கத்தரிக்கோல் நுனியால் கீறிய ஒரு சின்னக் கோடு இருக்கும். அன்று சாயங்காலம் நீ உள்ளே போன பிறகு, கம்பை இறக்குவதற்கு முன், அது இருந்த இடத்தில் நான் கீறி வைத்தது. அன்றைக்கு உனக்கு மூன்று குறையவில்லை. நீ சொன்ன அந்த நாற்பத்து மூன்று உண்மையில் முப்பத்தெட்டு. இது முழு நூற்று நாற்பது. அதுதான் நீ உன் வாழ்க்கையிலேயே தாண்டிய பெரிய உயரம், பவானி. அது தெரிந்து அங்கே நின்றவள் நான் ஒருத்திதான், நான் கைகூடத் தட்டவில்லை. கம்பத்தை நிறுத்தி, பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, அவர்கள் பார்க்க அந்தக் கோட்டை அளந்து பார்.

இப்படிக்கு,
அம்மா